ஈக்கு வைத்த பரீட்சை

ஒரு குழந்தைக்கு நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது சுலபம். நாலு கலர் பென்சில்களை எதிரே பரப்பி, "கண்ணா, நீலத்தை எடு" என்றால் போதும். சற்றுப் பெரிய குழந்தையானால், "இது நீலம் இல்லை அம்மா, ஊதா" என்று நம்மையே திருத்திவிடும். ஆனால் ஒரு தேனீயைப் பிடித்து உட்கார வைத்து, "இது உனக்கு என்ன நிறமாகத் தெரிகிறது?" என்று கேட்க முடியுமா? கேட்டால் எந்த மாதிரிப் பதில் கிடைக்கும் என்பது கொட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

வாயில்லாத அந்தப் பிராணியிடம் கேள்வியும் கேட்டு, பதிலையும் வாங்கிவிட்டார்கள். எப்படி என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

முதலில் பூவிலிருந்து ஆரம்பிப்போம். கனகாம்பரத்துக்கும் சாமந்திக்கும் டிசம்பர்ப் பூவுக்கும் இத்தனை நிறங்கள் எதற்காக? நாம் தொடுத்துத் தலையில் வைத்துக்கொள்வதற்காக அல்ல என்று 1793-ம் வருஷமே ஒருவர் சொல்லிவிட்டார். அவர் பெயர் கிறிஸ்டியன் கோன்ராட் ஸ்ப்ரெங்கல். பெர்லினுக்குப் பக்கத்தில் ஸ்பாண்டாவ் என்ற ஊரில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். அந்த ஊர்ப் பக்கம் பூக்கும் ஒரு சின்ன நீலப் பூவின் நடுவில் மஞ்சள் வளையம் ஒன்று இருப்பதைக் கவனித்தார். தேன் இருக்கும் வாசல் அதுதான். 'ஆகா, பூவின் நிறம் பூச்சிக்கு வைத்த விளம்பரப் பலகை. உள்ளே இருக்கும் வளையமும் கோடும் வழிகாட்டி' என்று முடிவு செய்து பெரிய புத்தகமே எழுதினார். அந்தக் காலத்தில் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. மறு வருஷம் அவருடைய உத்தியோகமும் போயிற்று. பல வருஷம் கழித்து டார்வின் எடுத்துச் சொன்ன பிறகுதான் புத்தகத்துக்கு மவுசு வந்தது.

அதன் பிறகு, பூவின் நிறம் பூச்சிக்காகத்தான் என்பதை எல்லோரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். பூச்சிக்கு நிறம் தெரியுமா என்பதை மட்டும் சரியாக யாரும் பரீட்சை செய்து பார்க்கவில்லை. இந்த இடத்தில்தான் ஒரு பெரிய டாக்டர் வந்து குறுக்கே நின்றார்.

கார்ல் வான் ஹெஸ் என்பது அவர் பெயர். கண் வைத்தியத்தில் ஜெர்மனி முழுவதும் புகழ் பெற்றவர். ம்யூனிக் சர்வகலாசாலையின் கண் ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்தவர். இருட்டறையில் வானவில்லின் நிறங்களை வரிசையாக விழச் செய்து, அதில் மீன்களையும் பூச்சிகளையும் விட்டுப் பார்த்தார். எல்லாம் மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்தில் போய்க் கூடின. பிறவியிலேயே எந்த நிறமும் தெரியாத மனிதர்கள் சிலர் உண்டு அல்லவா? அவர்களுக்கு அந்த வானவில்லில் மிகவும் பிரகாசமாகத் தெரிவதும் அதே இடந்தான். 'ஆகவே மீனுக்கும் பூச்சிக்கும் நிறம் கிடையாது. வெளிச்சம் அதிகமா குறைச்சலா என்பதுதான் தெரியும்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். முட்டாள்தனமான தீர்ப்பு என்று ஒதுக்க முடியாது. ஆனால் அது சரியென்றால் ஸ்ப்ரெங்கல் எழுதியது அத்தனையும் வீண். பூமியில் உள்ள பூக்களெல்லாம் பார்ப்பார் இல்லாமல் வர்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றன என்று ஆகிவிடும்!

இதை ஒப்புக்கொள்ளாத இளைஞர் ஒருவர் இருந்தார். கார்ல் வான் பிரிஷ். 1886-ல் வியன்னாவில் பிறந்தவர். வீடு நிறைய டாக்டர்களும் பிரொபஸர்களும். அவருடைய தாய்மாமன் எக்ஸ்னர், ஒரு மின்மினியின் கண்ணை லென்ஸாக வைத்தே போட்டோ எடுத்தவர். ஜன்னலும் அதற்கு அப்பால் ஒரு மாதா கோவிலும் அந்தப் படத்தில் விழுந்திருந்தன. 1891-ல் வெளியான அவருடைய புத்தகத்தில் அதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட மாமனுக்கு வாய்த்த மருமகன் சும்மா இருப்பாரா?

பிரிஷ் சொன்னது இதுதான்: இருட்டில் அடைபட்ட பிராணி தப்பித்தால் போதும் என்று வெளிச்சத்தை நோக்கி ஓடுகிறது. அப்போது அதனிடம் நிறத்தைப் பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம்? தீப்பிடித்த வீட்டிலிருந்து ஓடி வருகிறவள், வாசற்கதவுக்கு என்ன பெயிண்ட் அடித்திருக்கிறது என்றா பார்ப்பாள்? நிறத்தோடு பூச்சிக்கு எப்போது காரியம் இருக்கிறதோ, அப்போது கேட்க வேண்டும். அதாவது சாப்பாட்டு வேளையில்.

கேட்ட விதம் அழகானது. ஒரு மேஜையில் நீல அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் சர்க்கரைத் தண்ணீர் வைத்தார். தேனீக்கள் வந்து குடித்தன; கூட்டுக்குப் போய்த் திரும்பி வந்தன. சில தடவை இப்படிப் பழகிய பிறகு, நீல அட்டையைச் சுற்றிச் சதுரங்கப் பலகை மாதிரி சாம்பல் நிற அட்டைகளைப் பரப்பினார். கிட்டத்தட்ட வெள்ளையில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியும் வரை எத்தனை தினுசு சாம்பல் உண்டோ அத்தனையும்.

ஏன் சாம்பல்? நம் வீட்டில் மாட்டியிருக்கும் பழைய கல்யாண போட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம். அம்மா கட்டியிருந்தது மாம்பழக் கலர், சித்தி கட்டியிருந்தது வெளிர் பச்சை. படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத்தானே விழுந்திருக்கும்? தேனீயும் உலகத்தை இப்படி போட்டோ மாதிரி பார்ப்பதாக இருந்தால், அந்த நீல அட்டை ஏதாவது ஒரு சாம்பல் அட்டையைப் போலவே அதற்குத் தெரிந்தாக வேண்டும். எது சாப்பாடு, எது வெறும் அட்டை என்று குழம்பித் தப்பான இடத்தில் இறங்கும். இறங்கவில்லை. நேராக நீலத்துக்கே வந்தது.

இத்துடன் பிரிஷ் திருப்தி அடையவில்லை. புது மருமகள் வைத்த ரசத்தை மாமியார் பார்ப்பது போல, தம்முடைய பரீட்சையைத் தாமே சந்தேகக் கண்ணோடு பார்த்தார். இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வருகிறதோ? நீல அட்டையை அடிக்கடி இடம் மாற்றினார். சர்க்கரையின் வாசனையோ? எல்லாக் கிண்ணங்களையும் காலியாக வைத்தார். நீலச் சாயத்துக்கே ஒரு வாசனை இருக்குமோ? அட்டைகளின் மேல் கண்ணாடியைப் போட்டு மூடினார். எது செய்தாலும் தேனீக்கள் நீலத்தின் மேல் வந்து, இல்லாத சர்க்கரையைத் தேடிக்கொண்டு நின்றன. 1914-ல் இதையெல்லாம் விவரமாக வெளியிட்டார். ஹெஸ் விடாமல் மறுத்தார். 1923-ல் ஹெஸ் காலமானார். இரண்டு வருஷம் கழித்து அதே ம்யூனிக் சர்வகலாசாலையில் பிரிஷ் பிரொபஸராக வந்து அமர்ந்தார். தேனீக்களின் நடனத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1973-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இதே கேள்வியைக் கொஞ்சம் முன்னதாக, 1910-லேயே, அமெரிக்காவில் ஒருவர் கேட்டிருந்தார். சார்லஸ் ஹென்றி டர்னர். நீக்ரோ இனத்தவர் என்று அக்காலத்தில் ஒதுக்கப்பட்ட மக்களில் பிறந்து, சிகாகோ சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். செயின்ட் லூயிஸ் நகரில் ஹைஸ்கூல் வாத்தியாராக இருந்துகொண்டே பூங்காவில் கலர் வட்டங்களையும் கூம்புகளையும் வைத்துத் தேனீக்களுக்குப் பாடம் சொன்னார். பிரகாசத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டும் சாம்பல் அட்டைத் தந்திரம் மட்டும் அவர் சோதனையில் இல்லை. பெரிய ஆராய்ச்சிச்சாலை ஒன்று அவர் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!

சரி, தேனீ பாஸா? நீலத்தில் பாஸ், மஞ்சளிலும் பாஸ். சிவப்பில் பெயில்! சிவப்பு அட்டையில் சர்க்கரை வைத்துப் பழக்கினால், பரீட்சையின்போது கறுப்பிலும் இருண்ட சாம்பலிலும் போய் இறங்கிற்று. நம் கண்ணைப் பறிக்கும் அரக்குச் சிவப்பு, தேனீக்கு அடுப்புக் கரி மாதிரி. கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்துக் குலுங்கும்போது காக்கையும் மைனாவும் தேன்சிட்டும் கூட்டமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். பறவைக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும். அந்தப் பூ விளம்பரம் செய்வது அவற்றுக்காகத்தான்.

'அப்படியானால் ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் பூக்கும் சிவப்புக் கசகசாப் பூவுக்குத் தேனீ எப்படிப் போகிறது?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பூ சிவப்பை மட்டும் அனுப்பவில்லை. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் அனுப்புகிறது. பூச்சிகளில் எறும்புக்கு இந்த ஒளி தெரியும் என்பதை 1880-களிலேயே இங்கிலாந்தில் ஜான் லப்பக் காட்டியிருந்தார். இவர் ஒரு பாங்கிக்காரர். இங்கிலாந்தில் பாங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்த புண்ணியவானும் இவரே. வானவில்லின் ஊதாவுக்கு அப்பால், நமக்கு வெறும் இருட்டாகத் தோன்றும் இடத்தில் எறும்புக் கூட்டின் கூட்டுப்புழுக்களை வைத்தார். எறும்புகள் பதறிப்போய் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடின. அந்த இடம் அவற்றுக்குப் பட்டப்பகல்!

தேனீயின் கண்ணிலும் நம் கண்ணைப் போல மூன்று வகை நிற உணர்வுதான். நமக்கு நீலம், பச்சை, சிவப்பு. அதற்குப் புற ஊதா, நீலம், பச்சை. வானவில்லைப் பார்க்கும் ஜன்னலைச் சற்று ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாற்போல. இதனால் வரும் வேடிக்கைகள் பல. நாம் 'வெள்ளை' என்று சொல்லும் பூக்களில் பெரும்பாலானவை புற ஊதாவை விழுங்கிவிடுகின்றன. ஆகவே தேனீக்கு அவை வெள்ளை அல்ல. நீலமும் பச்சையும் கலந்த நிறம். நமக்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு வெள்ளைகளைத் தேனீ வெவ்வேறு நிறமாகப் பிரித்துவிடுவதை 1930-களில் ஆராய்ந்தவர் மதில்டா ஹெர்ட்ஸ் என்ற பெண்மணி. ரேடியோ அலைகளைக் கண்டுபிடித்த ஹெர்ட்ஸின் மகள். யூத வம்சம் என்ற காரணத்தால் ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தவர்.

நமக்கு முழு மஞ்சளாகத் தெரியும் பல பூக்களின் நடுவில், புற ஊதாவில் பார்த்தால் பெரிய கறுப்புப் பொட்டு இருக்கிறது. ஸ்ப்ரெங்கல் தம் கண்ணால் பார்த்த வழிகாட்டிகள் கொஞ்சம். பார்க்க முடியாமல் போனவை அதிகம்.

தேனீ நிறத்தை எப்போது கற்றுக்கொள்கிறது என்பது இன்னும் ரஸமான விஷயம். 1931-ல் ஓப்பிங்கர் என்ற ஆராய்ச்சியாளர், தேனீ வந்து இறங்கும்போது ஒரு நிறம், குடிக்கும்போது வேறு நிறம், புறப்படும்போது மற்றொரு நிறம் என்று தட்டின் நிறத்தை மாற்றிக் காட்டினார். நாமாக இருந்தால், உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும்போது பார்த்ததைத்தான் ஞாபகம் வைப்போம் என்று தோன்றும். தேனீயோ, வந்து இறங்கும்போது பார்த்த நிறத்தையே நினைவில் வைத்தது. குடிக்கும் நேரம் முழுவதும் கண் முன்னால் இருந்த நிறம் அதன் மனத்தில் ஏறவே இல்லை! இனிப்பு வாயில் படுவதற்கு முந்தைய ஓரிரு விநாடிகள்தான் அதற்குப் பாட நேரம்.

அறுபதுகளில் ராண்டால்ப் மென்ஸல் என்ற ஜெர்மானியர், எந்த நிறம் சுலபப் பாடம், எது கஷ்டம் என்று கணக்கெடுத்தார். ஊதா நிறத்தில் ஒரே ஒரு தடவை சர்க்கரை கிடைத்தால் போதும். அடுத்த முறை தேனீக்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் சரியான பதில் சொல்லிவிடுகின்றன. நீலப் பச்சைதான் மிகவும் மந்தம். அதற்குப் பல தடவை சொல்லித்தர வேண்டும். மூன்று தடவை இனிப்புக் கிடைத்த நிறமோ, ஆயுள் உள்ள வரை மறப்பதில்லை. தேன் சேகரிக்கும் தேனீயின் ஆயுள் சில வாரங்கள்தான் என்பது வேறு விஷயம்.

"தேனீ புத்திசாலி, அது கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டு ஈக்கு என்ன தெரியும்? விரட்ட விரட்ட அதே இடத்தில் வந்து உட்காருகிறதே!" என்கிறீர்களா? நானும் ஈயின் கட்சி அல்ல. ஆனால் அதையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

பசித்த ஈக்கு ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, வயிறு நிறைவதற்குள் எடுத்துவிட்டால் அது என்ன செய்யும் தெரியுமா? அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வட்டமிட்டுத் தேடும். அமெரிக்காவில் டெத்தியர் என்பவர் 1957-ல் இதை ஈயின் 'நடனம்' என்றே எழுதினார். 1980-களில் ஜப்பானில் புகுஷி என்பவர் இந்த நடனத்தையே பரீட்சைத் தாளாக்கினார். பளபளவென்று பச்சை உடம்போடு இருக்கும் ஒரு ஜாதி ஈக்கு, கலர்த் துண்டின் மேல் சர்க்கரை கொடுத்துப் பழக்கினார். பிற்பாடு பல நிறம் உள்ள தரையில் விட்டபோது, பழகிய நிறத்தின் மேலேயே வட்டமிட்டுத் தேடிற்று. ஆக, ஈயும் படிக்கும்.

ஆனால் அதன் அகராதி சின்னது. 1993-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ட்ரோயே என்பவர் பார்த்த அளவில் அந்த ஈக்கு நான்கே நிறங்கள். புற ஊதா ஒன்று, நீலம் ஒன்று, அதற்கு மேல் பச்சை, மஞ்சள் எல்லாம் சேர்ந்து ஒன்று, புற ஊதாவும் மஞ்சளும் கலந்தது ஒன்று. ஒரு வகைக்குள் இருக்கும் இரண்டு நிறங்களைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரிவதில்லை. கிளிப்பச்சைக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்பிள்ளைகளைப் புடவைக் கடைக்கு அழைத்துப் போன அனுபவம் உள்ளவர்கள் ஈயை மன்னித்துவிடுவார்கள்.

வாழைப்பழத் தட்டைச் சுற்றுமே பொடி ஈ, அதன் கண்ணைத்தான் மனிதர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருக்கிறார்கள். கடுகைவிடச் சிறிய அந்தக் கண்ணில் சுமார் 750 குட்டிக் கண்கள். ஒவ்வொன்றிலும் ஒளியை உணரும் செல்கள் எட்டு. ஆறு முக்கியமாக வெளிச்சத்தையும் அசைவையும் கவனிக்கின்றன. நாம் கையை ஓங்கும்போதே பறந்துவிடுகிறதே, அது இவற்றின் கைங்கரியம். ஏழாவதும் எட்டாவதும் நிறத்துக்காக. ஏழாவது செல்தான் புற ஊதாவைப் பிடிப்பது.

1970-களில் கலிபோர்னியாவில் ஸெய்மூர் பென்ஸரின் ஆராய்ச்சிச்சாலையில் விசித்திரமான ஈக்கள் கிடைத்தன. புற ஊதா விளக்கு ஒரு பக்கம், பச்சை விளக்கு ஒரு பக்கம் வைத்தால் சாதாரண ஈக்கள் புற ஊதாவை நோக்கி ஓடும். இவை பச்சைப் பக்கம் போயின. கண்ணைப் பிரித்துப் பார்த்தால் ஏழாவது செல்லைக் காணோம்! 'செவன்லெஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஏழு இல்லாதது என்று அர்த்தம். பரம்பரையாக வரும் ஒரு ஜீன் கெட்டிருந்ததுதான் காரணம். பிறகு, எட்டாவது செல் பக்கத்துச் செல்லிடம் 'நீ ஏழாவதாக ஆகு' என்று சொல்வதற்கு வேறொரு ஜீன் வேண்டும் என்று தெரிந்தது. அதற்குச் 'செவன்லெஸ்ஸின் மணப்பெண்' என்று பெயரிட்டார்கள். அடுத்து வந்தது 'செவன்லெஸ்ஸின் மகன்'. இந்தப் பத்திரிகையில் வரும் தொடர்கதை தோற்றது போங்கள்!

சிரித்துவிட்டு விட்டுவிடக் கூடிய கதை அல்ல இது. அந்த 'மகன்' ஜீனின் உறவினர் நம் உடம்பிலும் இருக்கிறது. செல்லை வளரச் சொல்லி, பெருகச் சொல்லிச் செய்தி அனுப்பும் சங்கிலியில் அது ஒரு கண்ணி. அந்தச் சங்கிலி கெட்டுப்போவது புற்றுநோய்க்கு வழி. பழ ஈக்கு ஊதா விளக்கும் பச்சை விளக்கும் காட்டியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் அது.

இப்போது வீட்டு விவகாரம் ஒன்று. டெங்கு ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நிறம் தெரியுமா? 2022-ல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரின் வாஷிங்டன் சர்வகலாசாலையார் பார்த்தார்கள். சும்மா இருக்கும் கொசு கலர்ப் பொட்டு எதையும் லட்சியம் செய்யவில்லை. நாம் மூச்சு விடும்போது வருமே கரியமில வாயு, அது பட்டதும் விழித்துக்கொண்டு சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, வெளிர் நீலப்பச்சை ஆகிய பொட்டுகளைத் தேடிப் போயிற்று. பச்சை, நீலம், ஊதா, வெள்ளை ஆகியவற்றைச் சீந்தவில்லை. மனிதத் தோல் கறுப்போ சிவப்போ மாநிறமோ, எதுவானாலும் அதிலிருந்து அதிகமாக வருவது ஆரஞ்சுச் சிவப்பு ஒளிதான். கையில் பச்சை உறை மாட்டிக்கொண்டபோது கொசு அவ்வளவாக அண்டவில்லை. இதைப் படித்துவிட்டுப் பச்சைப் புடவை வாங்க வேண்டும் என்று யாராவது வீட்டில் கேட்டால் நான் பொறுப்பல்ல. கொசுவலையை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

ஆப்பிரிக்காவில் இந்த நிற ஞானம் உயிர் காக்கும் காரியத்துக்கே பயன்படுகிறது. அங்கே 'செட்ஸி' என்று ஒரு ஈ. கடித்தால் தூக்க நோய் என்ற கொடிய நோய் வரலாம்; வைத்தியம் செய்யாவிட்டால் அநேகமாக மரணந்தான். அந்த ஈக்கு நீல நிறத்தின் மேல் ஒரு மோகம். இது கற்றுக்கொண்டதல்ல, கூடப் பிறந்தது. 2010-க்குப் பிறகு உகாண்டா, கினி, காங்கோ முதலிய நாடுகளில் ஆற்றங்கரை நெடுக 25 சென்டிமீட்டர் சதுர நீலத் துணியும், அதை ஒட்டி அதே அளவு கறுப்பு வலையும் குச்சியில் கட்டி நட்டார்கள். பூச்சி மருந்தில் நனைத்தது. நீலத்தைத் தேடி வரும் ஈ வலையில் மோதி விழுகிறது. ஒரு கைக்குட்டை அளவுத் துணிதான். ஆனால் அது நம் கண்ணுக்கு எந்த நீலம் என்று பார்த்து எடுத்தால் போதாது. ஈயின் கண்ணுக்கு எந்த நீலம் என்று பார்த்துச் சாயம் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கான ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது.

லீவு நாட்களில் குழந்தைகள் வீட்டில் இருந்தால், பிரிஷ் செய்ததை நம் மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம். தேனீ நடமாட்டம் உள்ள இடமாக இருக்க வேண்டும். மேஜைக் கால்கள் நாலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். இல்லாவிட்டால் பரீட்சை எழுத எறும்புகள்தான் வரும். நீல அட்டை ஒன்று. கறுப்புச் சாயத்தில் வெள்ளையைக் கூட்டியும் குறைத்தும் பூசிய சாம்பல் அட்டைகள் ஏழெட்டு. முதல் நாள் நீல அட்டையில் மட்டும் ஒரு துளித் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துக் காத்திருங்கள். ஒரு தேனீ கண்டுபிடித்துவிட்டால் மற்றவை தாமே வரும். வந்த பிறகு சாம்பல் அட்டைகளைப் பரப்பி, நடுநடுவே நீலத்தை இடம் மாற்றுங்கள். கடைசியில் எல்லா அட்டைகளையும் புதிதாக மாற்றி, மேலே கண்ணாடி போட்டு, காலி மூடிகளை வையுங்கள். குழந்தைகளைக் கையை வீசாமல், நாலு அடி தள்ளி உட்காரச் சொல்லுங்கள். தேனீ எந்த அட்டையில் இறங்குகிறது என்று எண்ணி, காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டு வரட்டும். கணக்கை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள்.